ஒருவரும் போகாத ஆறு

போன பனிக்காலத்தில் நண்பர் ஒருவர் பழைய டொச் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தார். பழஞ்சாமான் சந்தையில் மூன்று யூரோவுக்கு வாங்கினாராம். அட்டை கழன்று, தாள்கள் மஞ்சளித்து, நிலவறை மணம் வீசியது. 'காட்டு நரகத்தின் புதிர்' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். எழுதியவர் ஒட்டோ ஷூல்ஸ்-காம்ப்ஃஹெங்கெல். வெளிவந்த ஆண்டு 1938. இந்த நாட்டில் யூத ஆலயங்களை எரித்த ஆண்டு அது. நண்பர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவருடைய கண்ணெல்லாம் படங்களில் இருந்தது.

"அண்ணை, இதை நாங்கள் தமிழில போடவேணும். தொடராய்ப் போடலாம். ஒருத்தரும் போகாத ஆறு அண்ணை! விசர் வேலை செய்திருக்கிறாங்கள்."

எங்கள் பிள்ளைகளுக்கு இப்படியான துணிச்சல் கதைகள் வேண்டும் என்றார். அழுத கதை, அடிபட்ட கதை, ஓடிவந்த கதை என்று எழுதி எழுதியே பிள்ளைகளைத் தமிழிலிருந்து துரத்திவிட்டோம் என்றார். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஒரு கிழமை அவகாசம் கேட்டேன். புத்தகத்தை வாசித்தேன். வேறு இடங்களிலும் தேடி வாசித்தேன். இது அவருக்கான பதில். தொலைபேசியில் முடித்திருக்கக்கூடிய விடயத்தை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், இந்த மயக்கம் அவர் ஒருவருக்கு மட்டும் வந்ததல்ல. எங்கள் சங்கங்களின் ஆண்டு மலர்களைப் புரட்டிப் பாருங்கள். கொலம்பஸ் 'கண்டுபிடித்த' அமெரிக்கா, லிவிங்ஸ்டன் 'கண்டுபிடித்த' நீர்வீழ்ச்சி என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் வெள்ளைக்காரன் தந்துவிட்டுப் போன வாக்கியங்களை நாங்கள் இன்னும் பக்தியோடு பிரதி பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் கதை. அது ஆபத்தான கதைதான்.

ஜாரி என்பது அமேசனின் வடகரையில் வந்து சேரும் ஓர் ஆறு. பிரேசிலின் வட எல்லையில் தூமுக்குமாக்கே மலைகளில் பிறந்து, கிட்டத்தட்ட 800 கிலோமீற்றர் ஓடி அமேசனில் விழுகிறது. வழிநெடுகப் பாறைகள், சுழிகள், நீர்வீழ்ச்சிகள். 1935 இல் மூன்று ஜேர்மன் இளைஞர்கள் இந்த ஆற்றில் மேலேறிப் போகப் புறப்பட்டார்கள். தலைவர் ஷூல்ஸ்-காம்ப்ஃஹெங்கெலுக்கு அப்போது 25 வயது. அதற்கு முன்பே லைபீரியாவில் மிருகம் பிடித்து, அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதியிருந்தார். கூட வந்தவர்கள் விமானி கேர்ட் காலெ, பொறியியலாளர் கேர்ஹார்ட் கிறவுஸ. நாசிக் கட்சியின் வெளிநாட்டுக் கிளை பின்னால் நின்றது. ஹைன்கெல் 72 ரகத்துச் சிறிய மிதவை விமானம் ஒன்றையும் கொண்டுபோனார்கள். வாலில் சுவஸ்திகா. காட்டை மேலிருந்து படம் பிடித்து, கீழே இறங்கி அளந்து, உலகத்துக்கு ஜேர்மன் தொழில்நுட்பத்தைக் காட்டுவது திட்டம்.

விமானம் நெடுநாள் நிலைக்கவில்லை. ஆற்றில் மிதந்து வந்த மரத்தில் மோதி உடைந்துபோனது. (எனக்குச் சிரிப்பு வந்தது. மன்னியுங்கள்.) பிறகு எஞ்சியது என்ன? வள்ளம். அந்தக் காட்டு மக்கள் குடைந்து செய்த வள்ளம், அவர்கள் பிடித்த துடுப்பு, அவர்கள் அறிந்த வழி. 1936 ஜனவரி 2 இல் அணியில் இருந்த யோசப் கிறைனர் என்ற ஜேர்மனியர் காய்ச்சலில் இறந்தார். ஷூல்ஸ்-காம்ப்ஃஹெங்கெலும் கடுமையாக நோய்வாய்ப்பட்டார். அவர்களைக் காப்பாற்றிக் கொண்டுபோனவர்கள் ஆற்றின் மேற்பகுதியில் வாழ்ந்த அப்பராய் மக்கள். அவர்களுடன் மாதக்கணக்கில் இருந்துவிட்டு, 1937 இல் மிருகத் தோல்கள், ஊர்வன, அப்பராய், வயானா மக்களின் பாவனைப் பொருட்கள், படங்கள், திரைப்படச் சுருள்கள் என்று பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டு ஜேர்மனிக்குத் திரும்பினார்கள். பொருட்கள் பேர்லின் அருங்காட்சியகங்களுக்குப் போயின. புத்தகம் 1938 இல் வந்தது. அதே தலைப்பில் ஊஃபா நிறுவனம் படமும் வெளியிட்டது.

இறந்த கிறைனருக்கு ஆற்றங்கரையில் ஒரு மரச் சிலுவை நாட்டினார்கள். சுமார் மூன்று மீற்றர் உயரம். சிலுவையின் மேல் சுவஸ்திகா. ஜேர்மன் ஆராய்ச்சிப் பணியில் காய்ச்சலால் மாண்டார் என்று செதுக்கிய எழுத்துக்கள். சந்தோ அந்தோனியோ நீர்வீழ்ச்சிக்கு அருகில் நிற்கும் அந்தச் சிலுவையைப் பார்க்க இப்போது சுற்றுலாக்காரரும் போகிறார்கள்.

இனி நண்பரின் வாக்கியத்துக்கு வருகிறேன். ஒருத்தரும் போகாத ஆறு.

ஷூல்ஸ்-காம்ப்ஃஹெங்கெல் பிறப்பதற்கு 33 வருடங்களுக்கு முன், 1877 இல், பிரெஞ்சுக் கடற்படை வைத்தியர் ஜூல் கிறெவோ என்பவர் பிரெஞ்சு கயானாப் பக்கமிருந்து மலைத்தொடரைத் தாண்டி இந்த ஜாரி ஆற்றில் இறங்கி அமேசன் வரைக்கும் வந்துவிட்டார். அவர் எப்படி வந்தார்? அப்பாத்து என்ற கறுப்பு மனிதர் கூட்டிக்கொண்டு வந்தார். அப்பாத்து அலுக்கு இனத்தவர். டச்சுத் தோட்டங்களிலிருந்து தப்பியோடிக் காட்டுக்குள் தங்களுக்கென்று ஊர்களை அமைத்துக்கொண்ட அடிமைகளின் வழித்தோன்றல். காட்டின் வழி அவருக்குப் பாடப்புத்தகத்தில் வந்த அறிவல்ல. சவுக்குக்குத் தப்பி ஓடிய முன்னோர் உயிரைக் கொடுத்துத் தேடிய அறிவு. கிறெவோ பின்னர் 1882 இல் பில்கொமாயோ ஆற்றில் தோபா மக்களால் கொல்லப்பட்டார். அந்தப் பயணத்தில் அப்பாத்து இல்லை. அப்பாத்து தன் ஊருக்குத் திரும்பி, மரோனி ஆற்றங்கரையில் ஒரு குடியிருப்பை உண்டாக்கினார். இன்றைக்கும் அந்த ஊருக்கு அவருடைய பெயர்தான். வழிகாட்டி ஒருவருடைய பெயர் வரைபடத்தில் ஏறிய அபூர்வமான சம்பவம் இது. நண்பரே, தொடர் எழுதத்தான் வேண்டுமென்றால் இவரைப் பற்றி எழுதும்.

சரி, கிறெவோவும் ஐரோப்பியர்தான், அவரை விடுவோம். 1930களில் ஜாரியின் கீழ்ப்பகுதி முழுவதும் ஜோசே ஜூலியோ டி அந்திராட என்ற ஒற்றை நிலப்பிரபுவின் ஆதிக்கத்தில் கிடந்தது. அங்கே இறப்பர்ப் பால் எடுக்கவும் பிரேசில் கொட்டை பொறுக்கவும் கடன்பட்ட கூலிகள் ஆற்றோரம் எங்கும் இருந்தார்கள். மேலே அப்பராய், வயானா, வயாம்பி மக்கள். ஆற்றின் ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் அவர்களிடம் பெயர் இருந்தது. தாளில் இருக்கவில்லை, அவ்வளவுதான். ஆக 'வரைபடத்தில் இல்லாத ஆறு' என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். பேர்லினில் இருந்த தாளில் அது இல்லை. அந்தத் தாளில் எங்கள் புங்குடுதீவுக் கிராயும்தான் இல்லை.

'நரகம்' என்ற சொல்லையும் சும்மா விட முடியவில்லை. அந்த நரகத்தில் பெண்கள் பிள்ளை பெற்றார்கள். மரவள்ளி நட்டார்கள். கசப்பு மரவள்ளியில் உள்ள நஞ்சைப் பிழிந்தெடுத்து மாவாக்கிச் சுடுகிற நுட்பம் அவர்களுடையது. மரவள்ளிக்கிழங்கு தின்ற கையோடு இஞ்சி தின்னக்கூடாது என்று அம்மா வெருட்டியதைத் தவிர எனக்கு அந்தக் கிழங்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டுக் கோடிக்குள் நின்ற அந்தச் செடி அந்தக் கண்டத்திலிருந்துதான் வந்தது. பஞ்ச காலத்தில் எங்களுக்குச் சோறான பயிரைப் பழக்கியெடுத்துத் தந்தவர்களின் வீட்டுக்கு நரகம் என்று பெயர்! காட்டுக்கு ஒரு திணை, ஒரு தெய்வம், ஒரு தொழில், ஒரு பறை என்று வகுத்து வைத்த மொழியில் அந்தத் தலைப்பை நண்பர் எப்படிப் பெயர்த்திருப்பாரோ தெரியவில்லை.

இப்போது அவருடைய இரண்டாவது வாதம். "அரசியலை விடுங்கோ அண்ணை, துணிச்சல் துணிச்சல்தானே."

மனிதனுடைய துணிச்சலை நான் மறுக்கவில்லை. கரணம் தப்பினால் மரணம் என்ற ஆறுதான் அது. ஆனால் அந்தத் துணிச்சல் ஊர் திரும்பிய பிறகு என்ன செய்தது என்று பாரும். எஸ். எஸ். அமைப்பில் சேர்ந்தது. 1940 இல் அது ஹிம்லருக்கு ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தது. பிரெஞ்சு கயானாவையும் பக்கத்திலுள்ள பிரித்தானிய, டச்சு கயானாக்களையும் ஜேர்மனி கைப்பற்ற வேண்டும் என்பது அந்தத் திட்டம். ஜாரியில் கண்ட வழிகளும் மனிதரும் அப்போது யாருக்கு எதற்காகத் தேவைப்பட்டார்கள் என்பது வெளிச்சத்துக்கு வருகிறது. ஹிம்லர் அதைக் கிடப்பில் போட்டார். அப்பராய் மக்களுடைய நல்ல காலம். 1942 இல் அதே மனிதர் லிபியப் பாலைவனத்தில் ஒரு சிறப்பு அணியை நடத்தி நிலத்தை அளந்தார். பிறகு விமானப் படங்களையும் தாவரங்களையும் மண்ணையும் சேர்த்துப் படித்து, எந்தச் சதுப்பில் டாங்கி போகும், எதில் புதையும் என்று வெர்மாக்டுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தார். 1943 இல் புவியியல் விவகாரங்களுக்குப் பொறுப்பாளர் என்ற பதவியும் கிடைத்தது. காட்டை வாசிக்கப் பழகிய கண்ணுக்குப் போரில் நல்ல விலை இருந்தது.

போர் முடிந்தது. அமெரிக்கர் பிடித்தார்கள், விசாரித்தார்கள், விட்டார்கள். அவர் ஹம்பேர்க்கில் ஒரு நிறுவனம் தொடங்கினார். என்ன நிறுவனம் என்று நினைக்கிறீர்கள்? பள்ளிக்கூடங்களுக்கு உலகப் புவியியல் படம் தயாரித்துக் கொடுக்கும் நிறுவனம். 1989 இல் ஹம்பேர்க்கிலேயே காலமானார். இடைப்பட்ட காலத்தில் ஜேர்மன் வகுப்பறைகளில் வளர்ந்த பிள்ளைகள் தூர தேசங்களை அந்தக் கண்ணாலும் பார்த்திருக்கிறார்கள். 2008 இல் ஜென்ஸ் க்ளூசிங் என்ற பத்திரிகையாளர் ஜாரிப் பயணத்தையும் கயானாத் திட்டத்தையும் தோண்டி ஒரு புத்தகம் எழுதும்வரை பொதுவாசகர் பலருக்கு அவர் ஒரு மறந்துபோன சாகசக்காரர், அவ்வளவே. பிள்ளைகளுக்குத் துணிச்சல் கதை வேண்டும் என்கிறார் நண்பர். இந்த மனிதரும் பிள்ளைகளுக்குத்தான் வேலை செய்தார்.

எல்லா ஆராய்ச்சியாளரையும் ஒரே கூடைக்குள் போடுவதாக நினைக்கவேண்டாம். ஹும்போல்ட் வேறு மனிதர். 1800 இல் ஒறினோக்கோவையும் அமேசன் நீர்ப்பரப்பையும் இணைக்கும் காசிகியாரே கால்வாயில் அவர் போனபோது, அதைத் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. 1744 இலேயே ஒரு பாதிரியார் அதன் வழியே போய்வந்தது அவருக்குத் தெரியும். அடிமை முறையை வெறுத்தவர். ஆனால் அவரும் என்ன செய்தார்? ஒறினோக்கோக் கரையில் அத்தாருயிப்பே குகையில் அந்த மக்கள் தங்கள் இறந்தவர்களை வைத்திருந்த இடத்தில் புகுந்து, வழிகாட்டிகள் மனம் பதைக்க, மண்டையோடுகளையும் எலும்புக்கூடுகளையும் எடுத்துக்கொண்டு வந்தார். ஐரோப்பாவுக்கு அனுப்பியவை ஆபிரிக்கக் கரையோரம் கப்பலோடு கடலில் மூழ்கின. நல்ல மனிதரே இப்படி என்றால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல? இப்போது பேர்லினில் அவர் பெயரில் ஒரு மாளிகை. 2021 இலிருந்து மக்களினவியல் அருங்காட்சியகம் உள்ளே காட்சிக்கு வைத்திருக்கும் பொருட்களைச் சுற்றி, எது யாருடையது, எப்படி வந்தது என்று சண்டை நடக்கிறது. நடக்கட்டும். நல்ல சண்டை.

ஆறுகளைப் பற்றிப் பேசும்போது எனக்கு என்னுடைய ஆறு ஞாபகம் வந்துவிட்டது. சொல்லாமல் போனால் நியாயமில்லை.

நான் 1985 இல் வந்தவன். எங்களில் பலரைப் போலக் கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி, ரயிலேறி மேற்கு பேர்லினுக்கு வந்தவன். ஆறு, காடு ஒன்றும் கடக்கவில்லை. ஆற்றைக் கண்டது பிறகு. தஞ்சம் கேட்டவர்களை ஒரு மாவட்டத்துக்கு அனுப்புவார்கள். அந்த மாவட்ட எல்லையை அனுமதி இல்லாமல் தாண்டக்கூடாது. 1982 இன் தஞ்சச் சட்டம் அப்படி. எங்கள் முகாமிலிருந்து இருபது நிமிடம் நடந்தால் ஒரு சிற்றாறு. அகலம் எங்கள் ஊர் வழுக்கையாறு மாரியில் வருமே, அந்தளவுதான். அதுதான் எல்லை. அக்கரையில் ஒரு நண்பனுடைய அறையில் மாதம் ஒருமுறை ஆறேழு பேர் கூடிக் கதை வாசிப்போம். பாலத்தைத் தாண்டிப் போய் ஒருநாள் பிடிபட்டேன். எண்பது மார்க் தண்டம். அந்த மாதம் கையில் கிடைத்த காசில் முக்கால்வாசி.

அதிகாரி என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இன்றைக்கும் காதில் இருக்கிறது. "அந்தப் பக்கம் உனக்கு என்ன அலுவல்?" ஜாரி ஆற்றில் நின்ற ஒரு அப்பராய் மனிதன் கேட்டிருக்கவேண்டிய கேள்வி! அவன் கேட்கவில்லை. மரவள்ளி அப்பம் கொடுத்தான். அனுமதிச் சீட்டு இல்லாமல் சமுத்திரம் தாண்டிப் போய் இன்னொருவன் வீட்டுக்குள் நுழைந்து அவன் பானை சட்டியை அள்ளி வருபவனுக்கு ஆராய்ச்சியாளன் என்று பெயர். ஒரு சிற்றாற்றின் பாலத்தைத் தாண்டிச் சிறுகதை வாசிக்கப் போனவனுக்குச் சட்டத்தை மீறியவன் என்று பெயர். 2015 இல் அந்த விதியைத் தளர்த்தினார்கள். தண்டம் கட்டிய காசை ஒருவரும் திருப்பித் தரவில்லை.

நண்பர் என்னைப் போல வந்தவரல்ல. அதுதான் எனக்குத் தாங்கமுடியாத விடயம். அவர் 1994 இல் வந்தவர். அதற்கு முந்தின வருடம் மே மாதம் பாராளுமன்றம் அரசியலமைப்பையே திருத்தி, ஜூலை 1 இலிருந்து தஞ்சக் கதவைப் பெருமளவு சாத்திவிட்டது. 'பாதுகாப்பான மூன்றாம் நாடு' வழியே தரையால் வந்தவனுக்கு உள்ளே தஞ்சம் கேட்க உரிமையில்லை. ஜேர்மனியைச் சுற்றியுள்ள எல்லா நாடும் பாதுகாப்பான நாடுதான். பிறகு எப்படி வருவது? ஏஜென்சிக்காரர் வழி கண்டுபிடித்தார்கள். கொழும்பு, மொஸ்கோ, கியேவ், பிறகு லொறி, பிறகு போலந்துக் காடு, பிறகு நைஸ ஆறு. இரவில், கழுத்தளவு தண்ணீரில், ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கடந்தார்கள். 1990களில் ஓடர், நைஸ ஆறுகளில் தாண்ட முயன்று மூழ்கிப்போன மனிதர்களைப் பேர்லினில் உள்ள ஓர் எதிர்ப்பு அமைப்பு வருடாவருடம் தொகுத்து எழுதிவந்தது. பல பிணங்களுக்குப் பெயர் இல்லை. 1995 ஜூலையில் ஹங்கேரியில் க்யோர் நகரத்துக்கருகே மூடிய லொறிக்குள் மூச்சுத்திணறி இறந்த 18 பேர் எங்கள் ஆட்கள். அந்த வழிக்கு வரைபடம் இருந்ததா? அந்தக் காட்டை யார் அளந்தார்கள்?

நைஸவைக் கடந்த இந்த மனிதர் அதைப்பற்றி முப்பது வருடமாக ஒரு வரி எழுதவில்லை. ஷூல்ஸ்-காம்ப்ஃஹெங்கெலின் ஆற்றை மொழிபெயர்க்கத் துடிக்கிறார். ஏனென்றால் அது 'துணிச்சல்', இது 'அழுகைக் கதை'. பாத்திரத்தை மாற்றிப் பாரும் நண்பரே. ஒருவனுக்குப் பின்னால் ஓர் அரசு நின்றது, விமானம் இருந்தது, திரும்பிப் போக வீடு இருந்தது, திரும்பியபின் வரவேற்பும் இருந்தது. மற்றவனிடம் ஒரு பிளாஸ்ரிக் பையில் சுற்றிய பிறப்புச் சான்றிதழ் இருந்தது. துணிச்சல் யாருடையது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இதை வாசிக்கும் சிலர் இப்போது சந்தோஷப்படுவார்கள், நன்றாகக் கேட்டான் வெள்ளைக்காரனை என்று. அவசரப்படவேண்டாம். எங்கள் ஆறு ஒன்றும் இருக்கிறது.

அனுராதபுரத்தைத் தொட்டுக்கொண்டு வடமேற்கே ஓடி மன்னாருக்குத் தெற்கே அரிப்புக்கருகில் கடலில் விழும் ஆறு. சிங்களத்தில் மல்வத்து ஓயா, தமிழில் அருவியாறு. கண்டி அரசனிடம் 1660 இல் பிடிபட்ட ரொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் ஏறத்தாழ இருபது வருடச் சிறைக்குப் பிறகு 1679 இல் ஒரே ஒரு தோழனோடு இந்த ஆற்றைப் பிடித்துக்கொண்டுதான் காட்டுக்குள்ளால் தப்பியோடினார். யானைக்குப் பயந்து, அதைவிட மனிதருக்குப் பயந்து. எதிர்ப்பட்ட தமிழரிடம் வழி கேட்டு அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். நொக்ஸ் ஆற்றை அளக்கவில்லை, பெயர் வைக்கவில்லை, கொடி நாட்டவில்லை. கண்ணில் படாமல் போனால் போதும் என்று போனார். அகதி போகிற விதம் அது. வாசிக்கும்போது என்னையறியாமல் அவர் பக்கம் நின்றேன். 1681 இல் அவர் எழுதிய புத்தகம் இலங்கையைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த பெரிய நூல். ஆனால் விடுதலையான அந்தக் கைதி பின்னாளில் கப்பல் தலைவராகி மடகஸ்கார்ப் பக்கம் அடிமை வியாபாரத்தில் இறங்கினார் என்பதையும் வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்தேன். சிறைபட்டவன் எல்லாம் சிறையை வெறுப்பான் என்று ஒரு விதியும் இல்லை.

நொக்ஸ் போய்ச் சேர்ந்த அதே அரிப்புப் பக்கத்துக் கரையில்தான் 19 ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து தோணிகளில் வந்த கோப்பித் தோட்டத் தொழிலாளர் இறங்கினார்கள். இறங்கி, காட்டுக்குள்ளால் மாத்தளைக்கு நடந்தார்கள். தண்ணீர் இல்லை. வாந்திபேதி. விழுந்தவரை விட்டுவிட்டு மற்றவர் நடந்தார்கள். எத்தனை ஆயிரம் பேர் வழியில் செத்தார்கள் என்ற கணக்கில் சரித்திரகாரர் இன்னும் பிணங்கிக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளைத் துரைமார் எழுதியவற்றில் கன்னிக் காட்டை வெட்டித் திறந்த முன்னோடிகள் துரைமார்தான். வெட்டியவன் யார்? கோடரி யார் கையில் இருந்தது?

துரையை விடுங்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் 'சரித்திரம்' படித்த நான் அந்த நடைவழியைப் பற்றி முதன்முதலில் எங்கே கேள்விப்பட்டேன் தெரியுமா? இங்கே, ஜேர்மனியில், முகாமில் என்னோடு ஓர் அறையில் இருந்த பண்டாரவளைப் பெடியனிடம். அவன் தன்னுடைய பாட்டனின் தகப்பன் நடந்து வந்ததைச் சொன்னான். 22 வயதுவரை எங்கள் வீட்டில் மலைநாட்டிலிருந்து வந்த ஒரு சிறுவனை வேலைக்கு வைத்திருந்தோம். அவனிடம் நான் ஒன்றுமே கேட்கவில்லை. அவன் எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தான், எந்தத் தோட்டம், தாய் உயிரோடு இருக்கிறாளா, ஒன்றும் கேட்கவில்லை. 1948 இல் அவர்களுடைய குடியுரிமை பறிபோனபோது எங்கள் தலைவர்கள் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி இந்தப் பக்கங்களில் பலர் எழுதிவிட்டார்கள். நான் சொல்வது அடுக்களையில் நடந்தது. வன்னியை 'வெறும் காடு' என்று சொல்லிக் காணி பிடித்த கதைகளிலும் எங்கள் ஆட்கள்தான் ஷூல்ஸ்-காம்ப்ஃஹெங்கெல்கள். அங்கே ஏற்கெனவே இருந்தவன் காட்டான். பட்டிக்காட்டான். அவ்வளவு சுலபமான சொல்.

ஜாரியின் மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நண்பருடைய புத்தகத்தில் அது இல்லை. 1967 இல் டானியல் லட்விக் என்ற அமெரிக்கக் கப்பல் முதலாளி அந்த ஆற்றோரம் ஒரு சிறிய நாட்டளவு காணி வாங்கினார். 1978 இல் ஜப்பானில் கட்டிய கடதாசிக் கூழ்த் தொழிற்சாலை ஒன்றை மிதக்க வைத்து, சமுத்திரங்களைக் கடந்து ஆற்றுக்குள் இழுத்து வந்தார்கள். நட்ட மரம் சரிவரவில்லை, 1982 அளவில் லட்விக் கைகழுவினார். சந்தோ அந்தோனியோ நீர்வீழ்ச்சியில் அணை கட்டி 2014 இலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். அப்பராய் மக்கள் இன்னும் இருக்கிறார்கள், பெரும்பாலும் பக்கத்து பாறு ஆற்றோரம், வயானா மக்களோடு. நரகத்தில் அவர்கள் அழிந்துபோகவில்லை.

ஒரு கிழமை முடிந்து நண்பருக்குத் தொலைபேசி எடுத்தேன். மேலே எழுதியவற்றில் பாதியைச் சொன்னேன், கொஞ்சம் சூடாகவே சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "எல்லாம் சரி அண்ணை, அதுக்காக நைஸவைப் பற்றி என்னத்தை எழுதுறது? தண்ணி குளிர். இருட்டு. ஒரு போலந்துப் பெடியன் முன்னுக்குப் போனான், நாங்கள் அவன்ர ஜக்கெற்றைப் பிடிச்சுக்கொண்டு போனம். அவ்வளவுதானே" என்றார்.

அந்தப் பெடியனுக்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "கேக்கேல்லை" என்றார். பிறகு, "பின்னுக்கு வந்தவை ஆறு பேர். அவையின்ர பேர் தெரியும். ரெண்டு பேர் இப்பவும் டோர்ட்முண்டிலதான் இருக்கினம்" என்றார்.

புத்தகம் இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. அடுத்த சந்திப்புக்கு வரும்போது அதைக் கொண்டுவருவேன். மொழிபெயர்ப்பதற்கல்ல. அதில் வள்ளம் தள்ளுகிற படங்கள் இருக்கின்றன. நடுவில் தொப்பியோடு இருப்பவரின் பெயர் எல்லாருக்கும் தெரியும். முன்னாலும் பின்னாலும் இடுப்பளவு தண்ணீரில் நிற்பவர்களைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். டோர்ட்முண்ட் நண்பர்கள் இருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.